சைக்கிளுக்கெல்லாம் தாலி கட்டியவர்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் கம்பாரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நடந்தது இது. தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் இன்று ஈப்போவில்தான் இருக்கிறார்கள். படித்துவிட்டு, "அன்னைக்கு நான் நீலச் சட்டை போட்டிருந்தேனே, அத ஏன் எழுதல?" என்று வீட்டுக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அப்போது நான் பால்மரம் சீவப் போய்க்கொண்டிருந்தேன். கல்யாண வயது. வாய் கொஞ்சம் அதிகம் என்று பெயர் எடுத்திருந்தேன். அதனால் வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பிப் போனதாக என் அப்பா சொல்வார். எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் லயத்து வீட்டு வரிசையிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் ஒரே ஒருவர்தான். வடக்கே எல்லைக் காட்டில் ரோந்து போனபோது, பூமிக்குள் புதைத்திருந்த கண்ணிவெடி ஒன்றில் கால் வைத்துவிட்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இடது கையும் முழங்கைக்குக் கீழே பாதியோடு நின்றுவிட்டது. பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஒருநாள் பட்டாளத்து லேண்ட்ரோவரில் வந்து இறங்கினார். லயமே வெளியே வந்து நின்றது. அவருடைய அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்.

"நான் இன்னும் சாவலம்மா. உள்ள போயி தேத்தண்ணி போடு. கூட வந்தவங்களுக்கும் சேத்துப் போடு" என்றார் அவர்.

அவருடன் வந்தவர் ஒரு மலாய்க்கார சிப்பாய். வெடித்த இடத்திலிருந்து அவரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தவர் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

அதற்கப்புறம் தோட்டத்து ஜனங்கள் பார்க்கப் போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் ஒரு டின் மைலோவும், கொஞ்சம் பிஸ்கட்டும், வாய் நிறையப் 'பாவ'மும் கொண்டுபோனார்கள். மைலோவையும் பிஸ்கட்டையும் அவருடைய அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். பாவத்தை வாங்கிக்கொள்ள மகன் தயாராக இல்லை. யாராவது 'ஐயோ பாவம்' என்று தொடங்கினால், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குச் செயற்கைக் கால் ஒன்றும் செயற்கைக் கை ஒன்றும் கொடுத்திருந்தார்கள். காலை வைத்துக்கொண்டார். கை பிடிக்கவில்லை. அதைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, அதன் கொக்கியில் சட்டையைத் தொங்கவிட்டார். "அரசாங்கம் குடுத்த ஹேங்கர்" என்று வருகிறவர்களிடம் காட்டுவார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஜனங்கள் முழிப்பார்கள்.

காலோடு அவர் பட்ட பாடு பெரிய பாடு. சாயங்காலம் ஆனால் லயத்திலிருந்து தோட்டத்து வாசல் வரை செம்மண் சடக்குப் பாதையில் நடப்பார். தோல் உரிந்து புண்ணாகி, கால் பொருத்திய இடத்தில் ரத்தம் கசியும். விழுவார். விழுந்தவர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஆகும். யாராவது ஓடி வந்தால் அந்த ஒற்றைக் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். எனக்கு அப்போது அது திமிராகத்தான் பட்டது.

தோட்டத்து நிர்வாகம் கேட்டில் உட்கார்ந்து காவல் பார்க்கிற வேலை தருவதாகச் சொன்னது. நல்ல மனதோடு சொன்னதுதான். அவர் போய் நன்றி சொல்லிவிட்டு, வேலை வேண்டாம், அதற்குப் பதில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட இடம் கொடுங்கள் என்று கேட்டார். அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, சைக்கிள் பழுது பார்க்கும் கடை திறந்தார்.

"ஒத்தக் கையில எப்படிடா பஞ்சர் ஒட்டுவ?" என்று ஊரே கேட்டது. அவர் ஒட்டினார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, முழங்காலுக்கு இடையில் இறுக்கிக்கொள்வார். அரைக்கை ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்கும். வலது கை வேலை செய்யும். இரண்டுக்கும் முடியாததைப் பல் பார்த்துக்கொள்ளும். ஸ்குரூ, வால்வு, ரப்பர்த் துண்டு எல்லாம் அவர் பல்லிடுக்கில் நிற்கும். பல்தான் அவருக்கு இடது கை என்றே சொல்லலாம்.

நான் அவரிடம் முதன்முதலாகப் பேசியது அந்தக் கொட்டகையில்தான். காலைப் பெரட்டு முடிந்து, ஆள் எண்ணி, நான் சீவும் மர நிரைக்குக் கிளம்பும் நேரத்தில் என் சைக்கிள் சங்கிலி கழன்று பின்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது. தள்ளிக்கொண்டு போனேன். அவர் குனிந்து வேலை செய்யும்போது சக்கரம் ஆடியது. நான் சும்மா இருக்காமல் அதைப் பிடித்தேன்.

"கைய எடு" என்றார்.

"ஆடுது, அதான் புடிச்சேன்."

"ஒன்னயப் புடிக்கச் சொல்லிக் கேட்டேனா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கேக்கலதான். எனக்கு நிரைக்கு நேரமாச்சு. வெயில் ஏறிட்டா பால் வடியாது. ஒங்க ரோஷத்த எல்லாம் சாயங்காலம் வச்சுக்குங்க, இப்ப சீக்கிரம் மாட்டுங்க!" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். தோட்டத்துக்கு வந்ததிலிருந்து யாரும் அவரிடம் இப்படிக் கத்தியதில்லை போலிருக்கிறது. எல்லாரும் அவரைக் கண்ணாடிச் சாமான்போலக் கையாண்டுகொண்டிருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சங்கிலியை மாட்டிவிட்டார். அப்புறம் என் சைக்கிளுக்கு அடிக்கடி பழுது வந்தது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

விஷயம் என் அப்பா காதுக்குப் போனது. அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் பயந்த மனிதர். பெண்ணைக் கொடுத்த பிறகு அவள் கஷ்டப்பட்டால் தாங்கமாட்டார். 'கை கால் இல்லாதவனுக்குக் கொடுக்கமாட்டேன்' என்று வாயால் சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை. சுற்றி வளைத்து வேறு ஒன்றைப் பிடித்தார்.

"எல்லாஞ் சரிலா. தாலி எப்படிக் கட்டுவாரு அந்தப் பட்டாளத்தாரு?"

அவர் சும்மா ஒரு சாக்குக்குத்தான் கேட்டார். ஆனால் கேட்ட பிறகு அந்தக் கேள்வி தோட்டம் முழுக்கப் பரவி, பால் ஸ்டோரில் நிறுவைக்கு நிற்கும்போதும், குழாயடியிலும் அதே பேச்சாகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மாப்பிள்ளை கயிற்றைக் கழுத்தில் வைத்தால் போதும், மூன்று முடிச்சையும் அவருடைய தங்கச்சியே போடட்டும் என்றார்கள் சிலர். இரண்டாவது முடிச்சும் மூன்றாவது முடிச்சும் எப்படியும் நாத்தனார் போடுவதுதானே, முதலாவதையும் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். கொக்கி வைத்த சங்கிலியில் தாலியைக் கோத்து மாட்டிவிடலாம் என்றார் ஒருவர். கம்பாரில் பதிவு செய்தால் முடிந்தது என்றார் இன்னொருவர்.

அவர் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுவேன், அது பெரிய வித்தையா என்றார். உடனே கோயில் பண்டாரம் குறுக்கே வந்தார். எங்கள் மாரியம்மன் கோயிலில் பூசை செய்த அந்தப் பெரியவர் யாரையும் நோக அடிக்காதவர். இருந்தாலும் இதில் மட்டும் கறாராக இருந்தார்.

"தம்பி, வாய் படக்கூடாதுப்பா. எச்சிலாயிரும். சாமிகிட்ட வச்சு எடுத்த கயிறு. மத்தபடி ஒன் கையோ, அரைக்கையோ, எது பட்டாலும் எனக்குச் சம்மதந்தான்."

பல் என்று அவருக்கு இருந்த மூன்றாவது கையும் இப்படிப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார். "தங்கச்சியே கட்டட்டுமே. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். நிஜமாகவே எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

"எனக்கு இருக்கு" என்றார். "நான் கட்டணும். முடிச்சு விழலன்னா கல்யாணம் இல்ல. எந்திரிச்சுப் போயிருவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் என்னயக் குத்தஞ் சொல்லாத."

"மணவறையிலேருந்தா?"

"மணவறையிலேருந்துதான்."

செய்வார் என்று எனக்குத் தெரியும். அந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான். மாலை போட்ட பெண்ணை ஊர் பார்க்க விட்டுவிட்டுப் போவார், மனசுக்குள் செத்துக்கொண்டே போவார், ஆனால் போய்விடுவார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவர் பழக ஆரம்பித்தார். மஞ்சள் கயிற்றில் விளையாடக்கூடாது என்று பண்டாரம் சொல்லிவிட்டதால் வெள்ளைச் சணல் நூல் வாங்கிக்கொண்டார். எதன்மேல் கட்டிப் பழகுவது? கொட்டகையில் கழுத்து மாதிரி இருந்தது ஒன்றே ஒன்றுதான், சைக்கிள் சீட்டுக்குக் கீழே இருக்கும் கம்பி. பழுதுக்கு வந்த ஒவ்வொரு சைக்கிளிலும் கட்டினார். அரைக்கையால் நூலைக் கம்பியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களால் மறுமுனையைச் சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து இழுக்கவேண்டும். ஆரம்பத்தில் நழுவிக்கொண்டே இருக்கும். கெட்ட வார்த்தை வரும். மறுபடி கட்டுவார்.

கொஞ்ச நாளில் தோட்டத்தில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தில் வெள்ளை நூல் தொங்கியது. காற்றடிக்க விட்ட சைக்கிளும் நூலோடுதான் திரும்பி வரும். கேலிக்குக் கேட்கவா வேண்டும்? "எங்க வீட்டு சைக்கிளுக்கு ஒம்மாப்பிள்ள தாலி கட்டிட்டாருடி, இப்ப அது ஒனக்குச் சக்களத்தியா?" என்று நிரையில் பக்கத்து மரத்து அக்கா கேட்பாள். கணக்கெழுதும் கிராணியின் சைக்கிளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. "தோட்டத்து சைக்கிளுக்கெல்லாம் தாலி கட்டியாச்சு, இனி பொண்ணுதான் பாக்கி" என்று ஆபீஸிலும் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழுந்தாலும் கண்டுகொள்ளமாட்டார். மெல்ல மெல்ல எனக்கே அந்த வெள்ளை நூலைப் பார்த்தால் ஒரு தைரியம் வர ஆரம்பித்தது.

ஒருநாள் அப்பாவின் சைக்கிள் பஞ்சராகிக் கொட்டகைக்குப் போய்வந்தது. அதிலும் நூல் இருந்தது. அப்பா வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து அந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். நகத்தால் நெம்பினார். ஊசியைக் கொண்டு வரச்சொன்னார். இரண்டு கையும் வைத்துப் போராடியும் அது அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் கத்தியை எடுத்தார். எடுத்தவர் அறுக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கத்தியை உள்ளே வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பண்டாரத்திடம் நாள் பார்க்கப் போனார்.

கல்யாணம் கோயில் முன்னாலேயே, பந்தல் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஈப்போவிலிருந்து மேளக்காரர்கள் வந்தார்கள். மலாய்க்கார சிப்பாய் நண்பரும் பட்டாளத்து ஆட்கள் சிலரோடு யூனிபார்மில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மற்றத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் சைக்கிளிலும் லாரியிலும் வந்திறங்கினார்கள். அத்தனை பேரும் என் அழகைப் பார்க்க வரவில்லை. தாலி கட்டுவதைப் பார்க்க வந்தார்கள். சிலர் பந்தல் கால் மேல் ஏறி நின்றதையும் கண்டேன்.

இங்கேதான் ஒரு சின்ன விஷயம் எங்கள் எல்லாரையும் கவிழ்த்தது. அவருடைய அம்மா அன்று விடியற்காலையில், எல்லாம் மங்களமாக நடக்கவேண்டும் என்று, தாலிக் கயிற்றுக்குப் புதிதாக மஞ்சள் அரைத்துப் பூசியிருக்கிறார். கொஞ்சமாகவா? மகன் மேல் இருந்த பாசத்தையெல்லாம் மஞ்சளாகக் குழைத்து, கயிறு சொட்டச் சொட்ட ஊறவைத்து எடுத்திருக்கிறார். அது தட்டில் வந்து பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பியபோதும் ஈரம் காயவில்லை. அவர் பழகியதோ காய்ந்த சணல் நூலில், இரும்புக் கம்பியில். இதுவோ வழவழவென்று ஊறிய கயிறு. கட்டவேண்டியது வியர்த்த கழுத்தில், சவுரியும் பூவும் மாலையும் மறைக்கிற இடத்தில்.

பண்டாரம் கையைக் காட்டினார். கெட்டிமேளம் கொட்டியது. அவர் எழுந்து, தடி இல்லாமல், அந்தச் செயற்கைக் காலை ஊன்றி என் பின்னால் வந்து நின்றார். அவர் தங்கச்சி விளக்கோடு பக்கத்தில் நின்றாள். கயிறு என் கழுத்தில் விழுந்தது. ஜனங்கள் வழக்கம்போல மேளச் சத்தத்தோடு கையிலிருந்த அரிசி, பூ எல்லாவற்றையும் எங்கள்மேல் வீசினார்கள்.

முடிச்சு விழவில்லை.

கழுத்தில் அரைக்கை அழுந்துவது தெரிந்தது. கயிறு இழுபட்டது, வளைந்தது, வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வளைந்தது. மறுபடி வழுக்கியது. மேளக்காரர் என்ன செய்வார்? நிறுத்தவும் முடியாது. அடித்துக்கொண்டே இருந்தார். நாதஸ்வரக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அட்சதை எல்லாம் தீர்ந்துபோய், ஜனங்கள் வெறுங்கையோடு நின்றார்கள். பந்தலில் பேச்சு அடங்கிவிட்டது. மேளச் சத்தத்துக்கு அடியில் அந்த அமைதி எனக்குக் கேட்டது.

என் மாமா ஒருவர் பொறுக்காமல், "நான் ஒரு முனையப் புடிச்சுக்கிறேன் மாப்பிள்ள" என்று கிட்டே வந்தார்.

"யாரும் தொடாதீங்க!" அவர் குரல் உடைந்திருந்தது.

அடுத்து என்ன நடக்கும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒருமுறை நழுவினால் கயிற்றை விட்டுவிட்டுப் போய்விடுவார். அரை நிமிஷத்தில் என் வாழ்க்கை அங்கேயே முடிந்துவிடும். என் வலது கை தன்னால் மேலே போனது. கழுத்துக்குப் பின்னால் ஒரே ஒரு விரலை வைத்து அந்தக் கயிற்றை அழுத்திப் பிடித்தால் போதும். மாலை மறைத்திருந்தது. ஒருவருக்கும் தெரியாது. முடிச்சு விழுந்துவிடும்.

விரல் மாலையைத் தொட்டுவிட்டது. அப்படியே நின்றேன். ஊருக்குத் தெரியாது, ஆனால் அவருக்குத் தெரியுமே என்று மனசில் அடித்தது. செம்மண் சடக்கில் விழுந்து எழுந்த மனிதர், சக்கரத்தைத் தொட்டதற்கே சீறிய மனிதர், ஆயுசு முழுக்க அந்த முடிச்சைப் பார்க்கும்போதெல்லாம் என் விரலைத்தானே பார்ப்பார்? கையை இறக்கி மடியில் வைத்தேன். இன்னொரு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கல்யாணப் பெண் அழுதால் ஊர் தப்பாகப் பேசும் என்று அடக்கிக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"மெதுவா கட்டுங்க. எனக்கு இன்னைக்கு நிரை ஒண்ணும் இல்ல."

அப்புறம் அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. சிரித்தார்! அந்த நிலைமையில் அந்த மனிதர் சிரித்தார். சிரித்தவர், கயிற்றின் ஒரு முனையை என் தோளிலேயே விட்டுவிட்டு, வலது கையைப் பண்டாரத்தின் தட்டுக்கு நீட்டினார். அதிலிருந்த திருநீற்றை அள்ளினார். கயிற்றின் இரண்டு முனையிலும் தேய்த்தார். விரல்களில் தேய்த்தார். இன்னொரு பிடி எடுத்து அரைக்கையிலும் பூசிக்கொண்டார். ஈரமெல்லாம் திருநீற்றில் உறிஞ்சிப் போயிற்று. டியூப்புக்குப் பவுடர் தடவுகிற மாதிரிதான் செய்தேன் என்று பிறகு சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த பண்டாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "திருநீறு பட்டா தோஷமே இல்ல, கட்டுப்பா" என்றார்.

முன்வரிசையிலிருந்து அந்த மலாய்க்கார சிப்பாய் எழுந்து நின்றார். "போலே! போலே!" என்று கத்தினார். உன்னால் முடியும் என்று அர்த்தம். பட்டாளத்து ஆட்கள் சேர்ந்துகொண்டார்கள். பந்தல் கால்மேல் நின்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் தோட்டமே கத்தியது. கல்யாணப் பந்தலா கால்பந்துத் திடலா என்று தெரியவில்லை.

அரைக்கை அழுத்தியது. இந்தமுறை கயிறு நகரவில்லை. விரல் சுற்றி வந்தது, உள்ளே போனது, வெளியே வந்தது, இழுத்தது. கழுத்தில் சுருக்கென்று ஒரு இறுக்கம். முடிச்சு விழுந்துவிட்டது.

அப்போது எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீச அரிசி இல்லாததால் ஆட்கள் பந்தல் தோரணத்தைப் பிய்த்து வீசினார்கள். யாரோ தொப்பியை வீசினார்கள். மேளக்காரர் எழுந்து நின்று அடித்தார். இதற்கிடையில் அவர் கை நிற்கவேயில்லை. இரண்டாவது முடிச்சையும் போட்டுவிட்டார், முதலாவதைவிட வேகமாக. மூன்றாவதுக்குப் போகும்போது அவர் தங்கச்சி விளக்கைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டுக் குறுக்கே பாய்ந்தாள்.

"அண்ணே, போதும்ண்ணே! அது என்னோட முடிச்சு! நாத்தனாருக்கு ஒண்ணாச்சும் விட்டு வைங்க!"

பந்தலே சிரித்தது. அவள் அழுதுகொண்டே கட்டினாள். இரண்டு கையும் இருந்தும் அவளுக்கு நடுக்கத்தில் முடிச்சு விழ நேரமாயிற்று. "ஒதவி வேணுமா?" என்று அவர் வேறு கேட்டுவைத்தார்.

என் அப்பா மணவறைக்குப் பக்கத்தில் வந்தார். அதுவரை அவரைப் 'பட்டாளத்தார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். திருநீறும் மஞ்சளும் ஒட்டியிருந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ள" என்றார். அன்று பந்தியில் அவரே முதல் ஆளாக நின்று பரிமாறினார். 'பாவம்' என்ற சொல்லை அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. மாறாக, "அண்ணே, ஒரு முடிச்சுப் போடணும்" என்று பந்தல் கட்டவும் கொடிமரம் கட்டவும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். சைக்கிள் கொட்டகை மோட்டார் சைக்கிள் கடையாயிற்று. அவரே ஒரு மோட்டார் சைக்கிளைத் தன் கைக்கும் காலுக்கும் ஏற்றமாதிரி மாற்றி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினார். பினாங்கு வரைக்கும் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப்போயிருக்கிறார். வழியில் பாரிட் புந்தாரில் வயலைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்போம். கடைக்கு வேலை கேட்டு வந்தவர்களில் ஈயச் சுரங்கத்தில் விரல் இழந்தவரும் இருந்தார், பால் ஸ்டோர் மிஷினில் கையைக் கொடுத்தவரும் இருந்தார். அவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது முடிச்சுப் போடத்தான்.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில், ஒரு காலை அவள் காலில் மாட்டிய சப்பாத்தின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பஸ் வந்துவிடும் என்ற அவசரத்தில் நான் குனிந்து கையை நீட்டினேன். கடையைத் திறக்கக் கிளம்பியவர் நின்றார்.

"விடு. அன்னைக்குக் கைய எறக்கினியே, அந்த மாதிரி இரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விரலைப் பற்றி நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. "பாத்தீங்களா?" என்றேன்.

"பின்னாலதானே நின்னேன். மாலைக்கு மேல ஒன் வெரல் தெரிஞ்சுச்சு. கயிறு வழுக்குனதுகூட எனக்குப் பெருசா படல. அந்த வெரலப் பாத்துத்தான் பயந்துட்டேன். அது கீழ போச்சு பாரு, அப்பவே தெரிஞ்சு போச்சு, கட்டிருவேன்னு."

மகள் கட்டி முடிக்கும்வரை இருவரும் வாசலில் நின்றோம். பஸ் போய்விட்டது. அவர் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

ஒருவர் திணறுவதைப் பார்த்தால் ஓடிப்போய்ச் செய்து கொடுக்கத்தான் இன்றைக்கும் என் கை பரபரக்கிறது. ஆனால் அவருக்காக நான் எத்தனையோ ஆண்டு சமைத்ததையும் துவைத்ததையும்விட, ஊரே பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷம், முடியும் என்று அவரை நம்பி என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் நான் அவருக்குச் செய்த பெரிய உதவி என்று இன்றும் நினைக்கிறேன்.